ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்த ஊர்!

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் ரயில் விருத்தாசலம் ஜங்ஷனில் நின்றால், பலரும் டீ குடிக்க மட்டும்தான் இறங்குவார்கள். கடலூருக்கும் சேலத்துக்கும் இங்கிருந்து தடம் பிரிகிறது. அடுத்த ரயிலுக்கு மூன்று, நான்கு மணி நேரம் இருந்தால் ஊருக்குள் ஒரு சுற்று போய் வரலாம். ஆற்றங்கரைக் கோயில், பீங்கான் தொழிற்பேட்டை, ஊருக்கு வெளியே கொளஞ்சியப்பர் சந்நிதி என்று பார்ப்பதற்கு மூன்று இடங்கள் இருக்கின்றன.

இந்த மூன்று இடங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு ஒரு பழைய தலைவலி நினைவுக்கு வரலாம். தொலைபேசி லைன் எப்போது அறுந்துபோகும் என்று தெரியாத ஊரில் இமெயில் அனுப்புவது எப்படி? அதற்கு எந்த மென்பொருள் சரிப்படும்? டயல்-அப் காலத்தில் சின்ன ஊர்களில் தொழில் செய்த பலரையும் படுத்திய கேள்வி இது. சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடுகிறவர்களுக்கு இன்றைக்கும் இதில் பாடம் இருக்கிறது.

12,000 பொன்னும் ஒரு மச்சமும்

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். 'விருத்த' என்றால் பழைய, 'அசலம்' என்றால் மலை. சுவாமியின் பெயரும் பழமலைநாதர். இந்தக் கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்துதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். படி இறங்கிப் போய்க் கும்பிட வேண்டிய ஆழத்துப் பிள்ளையார், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்தவர்.

கோயிலை ஒட்டி ஓடுகிறது மணிமுத்தாறு. கோடையில் போனால் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரியும். சுந்தரர் பொன்னைப் போட்டது இந்த ஆற்றில்தான். முதுகுன்றத்து இறைவனிடம் 12,000 பொன் பெற்றார் சுந்தரர். அதைத் திருவாரூருக்குக் கொண்டுபோக வேண்டும். சாலை வழியில் கணக்கிட்டால் 100 கிலோமீட்டருக்கும் மேல். 'மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போ, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்' என்று உத்தரவு வந்தது. சுந்தரரும் அப்படியே செய்தார். ஆனால், போடுவதற்கு முன் பொன்னில் ஒரு துண்டை வெட்டி, மாதிரிக்குக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு 'மச்சம்' என்று பெயர்.

திருவாரூர் போய்க் குளத்தில் இறங்கியபோது பரவையார் கேலி செய்தார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடினால் கிடைக்குமா என்ன? பொன் உடனே வரவில்லை. பதிகம் பாடிய பிறகுதான் வந்தது. வந்த பொன்னை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைவாக இருந்தது. மறுபடி பாடி, மாற்று சரியான பிறகே வாங்கிக்கொண்டார். உரைத்துப் பார்த்துச் சொன்னவர் பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. திருவாரூர்க் குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார்.

பக்திக் கதைதான். ஆனால், இமெயில் வேலை செய்யும் விதமும் கிட்டத்தட்ட இதுவேதான். அனுப்புகிறவர் இந்த ஊரில் ஓர் இடத்தில் போடுகிறார். வாங்குகிறவர் தனக்கு வசதியான நேரத்தில் வேறோர் இடத்தில் எடுத்துக்கொள்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் லைனில் இருக்க வேண்டியதில்லை. போட்டதும் வந்ததும் ஒன்றுதானா என்று பார்க்க, கையில் ஒரு மச்சம் வேண்டும். அவ்வளவுதான்.

அறுந்துபோகச் செய்த பொருள்

கோயிலிலிருந்து பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போனால் சாலையோரமே வெள்ளை பூத்திருக்கும். பக்கத்தில் நெய்வேலி. அங்கே நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் வெளியே வருகிறது. விருத்தாசலம் பீங்கான் ஊரானதற்கு அந்த மண் ஒரு முக்கியமான காரணம். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இந்த ஊரில் இருக்கிறது.

பொம்மை, அகல் விளக்கு, ஜாடி போன்றவற்றுக்கு மண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் தோல் போல மண் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடமான பொம்மை தயார். பிறகு உலர்த்தி, மெருகு பூசி, 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சூளையில் வேகவைக்கிறார்கள். ஒருமுறை சூளையை அடுக்கிப் பற்றவைத்துவிட்டால், 'மன்னிக்கவும், ஆர்டர் மாறிவிட்டது' என்று கதவைத் திறக்க முடியாது. பாதிச் சூட்டில் காற்று பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துவிடும்.

இங்கே செய்கிற இன்னொரு பொருள், வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கேரியர். வெள்ளைப் பீங்கான் கட்டை. நடுவே மெல்லிய கம்பி. மின்சாரம் எகிறினால் கம்பி உருகி அறுந்துவிடும். வீடும் டி.வி.யும் தப்பிக்கும். புதுக் கம்பி சுற்றிச் செருகினால் மறுபடி விளக்கு எரியும். லைன் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துச் செய்த பொருள் இது. டயல்-அப் காலத்தில் நல்ல இமெயில் மென்பொருளிடமும் இதே புத்தியைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட்டை வி.எஸ்.என்.எல். தொடங்கிய நாள் 1995 ஆகஸ்ட் 15. முதலில் கிடைத்தது பெருநகரங்களுக்குத்தான். சின்ன ஊர்க்காரர் இன்டர்நெட் வேண்டுமென்றால் நகரத்து எண்ணுக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு 1998-ல் அனுமதி கிடைத்தது. பிறகு, தொலைபேசித் துறையின் இன்டர்நெட் சேவை மாவட்டங்களுக்கும் பரவி, 172 என்று தொடங்கும் எண்ணை உள்ளூர் அழைப்பாகவே சுழற்ற முடிந்தது.

முப்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. மோடம் முதலில் கீச்சிடும், பிறகு கரகரக்கும், கடைசியில் 'கனெக்டட்' என்று வரும். அதற்குள் வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்து 'ஹலோ' சொன்னால் போச்சு. ஐப்பசி மழையில் கேபிள் இணைப்பில் ஈரம் இறங்கினால் பேச்சே இரைச்சலாகக் கேட்கும். அதில் மோடம் என்ன செய்யும்? வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கையை விரித்துவிடும்.

ஒரு பொம்மைப் பட்டறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கிறது. வெளியூர் வியாபாரி, எந்த பொம்மை எத்தனை செட் என்று இமெயிலில் அனுப்பியிருக்கிறார். மூன்றே மூன்று கே.பி. கடிதம். ஆனால், அதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறது, உறவுக்காரப் பையன் ஆசையாக அனுப்பிய கல்யாண போட்டோ. அளவு 2 எம்.பி.

இமெயிலில் படத்தை எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். அதனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 2 எம்.பி. படம் 2.7 எம்.பி. ஆகிவிடும். நொடிக்கு 3 கே.பி. இறங்கினால் அதற்கு மட்டும் 15 நிமிடம். உள்ளூர் அழைப்புக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் ஐந்து யூனிட். பணம் போகட்டும். பதினான்காவது நிமிடத்தில் லைன் அறுந்தால் என்ன ஆகும்? மறுபடி அதே போட்டோ முதலிலிருந்து இறங்கத் தொடங்கும். அதன் பின்னால் நிற்கும் மூன்று கே.பி. ஆர்டர் ஒரு நொடி வேலைதான். ஆனால், அதன் முறை வரவே வராது. விடிந்தால் சூளை அடுக்க வேண்டும். எதை அடுக்குவது?

எந்த மென்பொருள் நல்ல மென்பொருள்?

அந்தக் காலத்தில் பலரும் முதலில் பிடித்தது ஹாட்மெயிலைத்தான். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996-ல் தொடங்கியது. இலவசம், எந்த பிரவுசிங் சென்டரிலும் திறக்கலாம். ஆனால், இன்டர்நெட் பக்கத்தில் வைத்துப் படிக்கும் இமெயிலுக்கு ஒவ்வொரு க்ளிக்குக்கும் லைன் வேண்டும். அரை மணி நேரம் யோசித்துக் கடிதம் அடித்து 'அனுப்பு' என்று தட்டும்போது லைன் இல்லையென்றால், அடித்ததும் அதோடு போய்விடும். இப்படிக் கடிதத்தைப் பறிகொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

மாற்று, கம்ப்யூட்டரிலேயே இருக்கும் இமெயில் மென்பொருள். லைனே இல்லாமல் எழுதலாம். எழுதியது அவுட்பாக்ஸில் காத்திருக்கும். பத்துக் கடிதம் சேர்ந்ததும் லைன் போட்டு, ஒரே மூச்சில் அனுப்பி, வந்ததை வாங்கி, துண்டித்துவிடலாம். படிப்பதும் பதில் எழுதுவதும் செலவில்லாத நேரத்தில்.

இதில் மூன்று பெயர்கள் பிரபலம். ஒன்று, யூடோரா. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988-ல் எழுதியது. நாள் முழுக்க கடிதங்களோடேயே மல்லாடியதில், தபால் ஆபீஸிலேயே குடியிருப்பது போல அவருக்குத் தோன்றியதாம். தபால் ஆபீஸில் குடியேறிய ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதியவர் யூடோரா வெல்டி. அந்த எழுத்தாளரின் பெயரையே வைத்துவிட்டார். இரண்டாவது, நியூஸிலாந்தின் டேவிட் ஹாரிஸ் 1990-ல் வெளியிட்ட பெகாசஸ் மெயில். இது இலவசம். மூன்றாவது, விண்டோஸோடு சேர்ந்தே வந்த மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் எக்ஸ்பிரஸ்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? பெயரைவிட முக்கியமான கேள்விகள் நான்கு இருந்தன.

முதல் கேள்வி: பெரிய கடிதத்தைத் தாண்டிப் போகத் தெரியுமா? யூடோராவில் 'இத்தனை கே.பி.க்கு மேல் இருந்தால் விட்டுவிடு' என்று சொல்லலாம். பெகாசஸ், சர்வரில் இருக்கும் கடிதங்களின் பட்டியலை மட்டும் முதலில் காட்டும். வேண்டியதை டிக் செய்து இறக்கலாம், வேண்டாததை அங்கேயே அழிக்கலாம். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இதற்கென்று விதி எழுதிவைக்க முடியும். நம் பட்டறைக்காரர் 50 கே.பி. என்று எல்லை வைத்திருந்தால் போட்டோ சர்வரிலேயே நின்றிருக்கும், ஆர்டர் கைக்கு வந்திருக்கும்.

இரண்டாவது: பாதியில் அறுந்தால் நினைவு வைத்துக்கொள்ளுமா? அன்றைய டயல்-அப் கணக்குகளில் பொதுவாகக் கிடைத்தது 'பாப்' என்கிற முறை. அதில் ஒரு நுட்பம் உண்டு. கடிதங்களை வாங்கிய பிறகு, 'போய் வருகிறேன்' என்று மென்பொருள் முறையாக விடைபெற்றால்தான் சர்வர் அவற்றை அழிக்கும். விடைபெறும் முன் லைன் போய்விட்டால், ஒன்றும் நடக்காதது போல எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கும். கடிதம் தொலையாது, அது நல்லது. ஆனால், அடுத்த முறை எல்லாம் மறுபடி முதலிலிருந்து இறங்கும். ஒரே கடிதம் மூன்று முறை வந்து நிற்பது இதனால்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வர் தரும் அடையாள எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது: மச்சம் வைத்துக்கொள்ளுமா? 'சர்வரில் ஒரு பிரதியைச் சில நாள் விட்டுவை' என்ற வசதிதான் அது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனாலும் கடிதம் மிஞ்சும். அதே சமயம் பிரதி வைப்பதற்கும் எல்லை உண்டு. சர்வரில் கொடுத்த இடம் சில எம்.பி.தான். நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் திரும்பிப் போய்விடும்.

நான்காவது: வேலை முடிந்ததும் தானாகவே லைனைத் துண்டிக்குமா? அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இதற்கு ஒரு சின்ன டிக் பெட்டி இருந்தது. அதைக் கவனிக்காதவர்களுக்கு மாதக் கடைசியில் டெலிபோன் பில் கவனப்படுத்தியது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு கேள்வியும் இருந்தது. அனுப்பிய எழுத்து அந்தப் பக்கம் தமிழாகவே போய்ச் சேருமா? ஒவ்வொருவர் எழுத்துருவும் ஒவ்வொரு மாதிரி. இங்கே 'வணக்கம்' என்று அடித்தது அங்கே பூச்சி பூச்சியாகத் தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவை அந்தக் குறையைத் தீர்க்கப் பாடுபட்டன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இமெயில் வழியாகத்தான் சேர்த்தார்கள்.

கடற்கரை ஊர்கள் காட்டிய வழி

விருத்தாசலத்திலிருந்து கிழக்கே போனால் கடலூர், அதற்கு வடக்கே புதுச்சேரி. அங்கே வில்லியனூரை மையமாக வைத்து 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு முயற்சியைத் தொடங்கியது. மையத்தில் மட்டும் டயல்-அப் இன்டர்நெட். அங்கிருந்து கிராமங்களுக்கு வயர்லெஸ் ரேடியோ வழியாகச் செய்தி போகும். கரன்ட் போனால் சமாளிக்க சூரிய ஒளித் தகடுகள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரம் பற்றிய கணிப்பை இறக்கி, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

கடலுக்குப் போகிறவருக்கு இன்டர்நெட் நாள் முழுக்க வேண்டியதில்லை. விடிவதற்குள் ஒரே ஒரு செய்தி வந்து சேர்ந்தால் போதும். லைன் இருக்கும் சில நிமிடத்தில் எது முக்கியமோ அதை முதலில் எடுத்துவிட வேண்டும். பொம்மைப் பட்டறைக்காரருக்கு வேண்டியிருந்ததும் இதேதான்.

கொளஞ்சியப்பரிடம் ஒரு பிராது

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். இங்கே 'பிராது கட்டுதல்' பிரசித்தம். திருட்டு, கடன் தகராறு, குடும்பச் சிக்கல் என்று மனக்குறை எதுவானாலும் ஒரு தாளில் எழுதி, சுவாமியிடம் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்று மாதத்துக்குள் தீர்வு கிடைக்கும் என்பது நம்பிக்கை. காரியம் நடந்ததும் மறக்காமல் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

எழுதியாயிற்று, சேர வேண்டிய இடத்தில் வைத்தாயிற்று, இனி வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கலாம் என்ற நிம்மதி அங்கிருந்து திரும்புகிறவர்கள் முகத்தில் தெரியும். அவுட்பாக்ஸை நம்பியவர்களுக்கும் கிடைத்தது ஏறக்குறைய அந்த நிம்மதிதான்.

இன்றைய செல்போனுக்கு

யூடோரா இப்போது அருங்காட்சியகப் பொருள். அதன் மூல நிரலை 2018-ல் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் பொதுவில் வெளியிட்டது. ஆனால், லைன் அறுந்துபோவது மட்டும் இன்னும் பழங்கதையாகவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயல் வேண்டாம், ரயில் பயணத்திலேயே சிக்னல் எத்தனை முறை போய்ப் போய் வருகிறது!

இன்று பெரும்பாலான இமெயில்களுக்கு 'ஐமாப்' முறை இருக்கிறது. கடிதத்தின் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை சர்வரிலேயே விட்டுவைக்க அது இடம் தருகிறது. அதனால் பிரவுசரில் திறப்பதைவிட ஆப் நல்லது. ஜிமெயில் ஆப்பில் சிக்னல் இல்லாதபோது 'அனுப்பு' தட்டினாலும் கடிதம் அவுட்பாக்ஸில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் போகும். எத்தனை நாள் கடிதங்களை போனில் வைத்திருப்பது என்பதையும் செட்டிங்ஸில் நீங்களே தீர்மானிக்கலாம். ஆண்ட்ராய்டுக்கு 2024-ல் வந்த தண்டர்பேர்டில், ஒரு கடிதத்தை எத்தனை கே.பி. வரை தானாக இறக்கலாம் என்று எல்லை வைக்கலாம். பட்டறைக்காரருக்குத் தேவைப்பட்ட அதே எல்லைதான்.

அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முக்கியமான எண்ணிக்கையையும் தேதியையும் படத்துக்குள் வைக்காமல் எழுத்தாகவே எழுதுங்கள். போட்டோக்களைச் சுருக்கித் தனிக் கடிதமாக அனுப்புங்கள். அந்தப் பக்கம் யார், எந்த லைனில், எந்தச் சூளையைப் பற்றவைக்கக் காத்திருக்கிறார்களோ!

ரயிலுக்கு நேரமாகிவிட்டதா? திரும்பும் வழியில் ஒரு ஜோடி பீங்கான் அகல் வாங்கிக்கொள்ளுங்கள். துணியில் சுற்றிப் பையின் நடுவில் வைத்தால், ஊர் போய்ச் சேரும்வரை உடையாது.